கிளியனூருக்கு எத்தனை எழுத்து?

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் சாலையில் ஏறத்தாழப் பாதி வழியில் இருக்கிறது கிளியனூர். தேவாரத் தலங்களைத் தேடிப் போகிறவர்களுக்கு அது திருக்கிளியன்னவூர்; மற்றவர்களுக்குப் பேருந்து நின்று போகும் ஓர் ஊர். இந்தப் பெயரில் எத்தனை எழுத்துகள் என்று இரண்டாம் வகுப்புக் குழந்தையைக் கேட்டால் கி, ளி, ய, னூ, ர் என்று விரல் மடக்கி, ஐந்து என்று சொல்லிவிடும். வார இதழின் குறுக்கெழுத்துப் போட்டியிலும் ஐந்து கட்டங்கள்தான். கட்டளைக் கலித்துறை எழுதிப் பழகியவர் ஒற்றை நீக்கிவிட்டு நான்கு என்பார். கணினி ஒன்பது என்கிறது. அதே கணினியில் நிரல் எழுதுவோர் 'முனையம்' என்று அழைக்கும் கறுப்புத் திரையில் இந்தப் பெயருக்கு எட்டுக் கட்டங்கள் ஒதுக்கப்படுகின்றன.

நான்குக்கும் ஐந்துக்கும் இலக்கணத்தில் காரணம் இருக்கிறது. ஒன்பதுக்கும் காரணம் உண்டு: க, இகர விசிறி, ள, மறுபடியும் விசிறி, ய, ன, ஊகாரக் குறி, ர, புள்ளி என ஒருங்குறியில் ஒன்பது தனித்தனிக் குறியீடுகள். எட்டு மட்டும் எந்தக் கணக்கிலும் சேராத எண். இந்தக் கட்டுரை அந்த எட்டைப் பற்றியது. சம அகல எழுத்துரு என்று ஒரு சாதி எழுத்துரு இருக்கிறது. அதில் தடித்த வடிவம், செரிஃப் இல்லாத வடிவம் என்று ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கில் கிடைக்கின்றன. தமிழில் நம்பிப் பயன்படுத்தத்தக்க ஒன்றுகூட இல்லாமல் இத்தனை ஆண்டுகளை ஓட்டிவிட்டோம். இது ஏதோ கணினிக்காரர்களின் குறை என்று இலக்கிய வாசகர்கள் ஒதுங்கிக்கொள்வது சரியல்ல என்பது என் கட்சி. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பொருள் என்ன என்று பார்த்துவிடலாம்.

அச்சகத்து எழுத்துகள் பொதுவாக ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய அகலத்தை எடுத்துக்கொள்பவை. ஆங்கிலத்தில் 'ஐ' என்ற எழுத்து ஒல்லி, 'எம்' பருமன். தட்டச்சுப் பொறி வந்தபோது இந்தச் சலுகை பறிபோயிற்று. ஒவ்வொரு விசைக்கும் வண்டி ஒரே அளவுதான் நகரும். ஆகவே ஒல்லி எழுத்துக்குக் காலிலும் தலையிலும் கட்டை கட்டி அகலமாக்கினார்கள். பருமனான எழுத்தை இடுப்பைப் பிடித்துச் சுருக்கினார்கள். ஐபிஎம் நிறுவனத்துக்காக ஹோவர்ட் கெட்லர் 1950களில் வரைந்த கூரியர் அப்படி வந்தது. அதே நிறுவனத்துக்கு ரோஜர் ராபர்சன் வரைந்த லெட்டர் காதிக், நுனிக்கட்டுகளைப் பெரும்பாலும் உதிர்த்துவிட்டது. 1986இல் சார்லஸ் பிகிலோவும் கிரிஸ் ஹோம்ஸும் வெளியிட்ட லூசிடா சான்ஸ் டைப்ரைட்டர், பெயரிலேயே தட்டச்சை வைத்துக்கொண்டு திரைக்கென்று பிறந்தது. அதன் தடித்த வடிவம் ஜாவா மென்பொருளோடு சேர்ந்து உலகம் முழுக்கப் பல கணினிகளில் சத்தமில்லாமல் குடியேறியது.

தடித்த சம அகல எழுத்தை வரைவதில் ஒரு சூட்சுமம் உண்டு. சாதாரண எழுத்துருவில் தடித்த வடிவம் மெல்லிய வடிவத்தைவிட அகலமாக இருக்கும், யாரும் கேட்கமாட்டார்கள். சம அகலத்தில் அது கூடாது. ஒரு சொல்லைத் தடித்துக் காட்டியதும் கீழே உள்ள பத்தி நகர்ந்துவிட்டால், எதற்காகச் சம அகலம்? ஆகவே கட்டத்தின் அகலம் மாறாமல் கோடு மட்டும் தடிக்க வேண்டும். தடிக்கும் கோடு எங்கே போகும்? எழுத்தின் வயிற்றுக்குள்தான். உள்ளே இருக்கும் வெற்றிடத்தைத் தின்றுதான் அது பருக்க முடியும். ஆங்கிலத்தில் இதற்குப் பலியாகும் எழுத்துகள் ஐந்தாறுதான். தமிழில் பாதி நெடுங்கணக்கு பலியாகும். ண, ஞ, இ, ஐ, ஜ, ஷ என்று சுழியும் வளையமுமாக இருப்பவை எல்லாம் கறுப்புப் பொட்டலங்களாகிவிடும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடைகளில் ரசீது அடித்துத் தருகிறார்களே, அந்த வெப்ப அச்சுப் பொறிகளில் சிறியதில் 58 மில்லிமீட்டர் அகலத் தாள் சுற்றியிருக்கும். வழக்கமாக அதன் ஒரு வரியில் 384 புள்ளிகள். ஒரு எழுத்துக்கு 12 புள்ளி அகலம், 24 புள்ளி உயரம் என்று வைத்து வரிக்கு 32 எழுத்துகள் அடிக்கும். ஆங்கிலத்துக்கு இது தாராளம். நம்முடைய ணகரத்தின் குறுக்கே ஒரு கோடு கிழியுங்கள். குறைந்தது ஐந்து இடங்களில் வெட்டும். தடித்த எழுத்துக்குக் கோட்டுக்கு இரண்டு புள்ளி என்று வைத்தால்கூட ஐந்து கோட்டுக்குப் பத்து, நடுவில் நான்கு இடைவெளிக்கு நான்கு, ஆக 14. கட்டத்தில் இருப்பதோ 12. ணகரம் உள்ளே நுழையவே நுழையாது. 'எண்ணெய்' வாங்கிய ரசீதில் எண்ணெயைத் தேட வேண்டியிருப்பது இதனால்தான். கட்டத்தை இரண்டு மடங்காக்கி 24 புள்ளி கொடுத்தால், கோட்டுக்கு மூன்று, இடைவெளிக்கு இரண்டு என்று 23இல் முடிந்துவிடுகிறது; ஒரு புள்ளி மிச்சம்கூட. தமிழுக்கு என்ன வேண்டும் என்பதற்கான விடை இந்தக் கூட்டல் கணக்கிலேயே இருக்கிறது. ஆனால் அவசரப்பட வேண்டாம்.

செரிஃப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ் எழுத்துருக்களைச் செரிஃப் உள்ளவை, செரிஃப் இல்லாதவை என்று பிரித்துப் பேசுவது சமீபகாலப் பழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. உரோமன் எழுத்தின் நுனிக்கட்டுகள் கல்லில் உளியாலும் தாளில் பட்டைப் பேனாவாலும் எழுதிய பழக்கத்திலிருந்து வந்தவை. நம் எழுத்து பனையோலையில் எழுத்தாணியால் கீறப்பட்டு வளர்ந்தது. எழுத்தாணி எந்தத் திசையில் இழுத்தாலும் ஒரே கனத்தில்தான் கோடு விழும். தடிப்பும் மெலிவும் பின்னால் ஈய அச்சோடு வந்து சேர்ந்தவை. மிரன் வின்ஸ்லோவின் 1862ஆம் ஆண்டு அகராதியைப் புரட்டியவர்களுக்குச் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் பி. ஆர். ஹண்ட் அந்தக் கலையை எவ்வளவு தூரம் கொண்டுபோனார் என்று தெரியும். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரே கனக் கோடு என்பது தமிழுக்கு வெளியிலிருந்து வந்த நவீன மோஸ்தர் இல்லை, அதுதான் பழைய வீடு. அந்த அளவில் சம அகலத் தடித்த எழுத்துக்குத் தமிழ் ஒன்றும் அந்நிய மண் அல்ல.

அதோடு, தமிழில் சம அகல எழுத்து ஒரு காலத்தில் இருந்தது, நாம் மறந்துவிட்டோம். யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து, மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போன ஆர். முத்தையா வடிவமைத்த தமிழ்த் தட்டச்சுப் பொறியைத்தான் சொல்கிறேன். 247 எழுத்துகளை நாற்பத்துச் சொச்சம் விசைகளுக்குள் அடைப்பது எப்படி என்பது அவருக்கு முன்னால் இருந்த கேள்வி. அவர் கண்ட விடைகளில் மிக அழகானது 'நகரா விசை'. புள்ளியையும் விசிறியையும் போன்ற குறிகளை அடித்தால் வண்டி நகராது. அதன்மேலேயே அடுத்த எழுத்து வந்து விழும். குறியும் மெய்யும் சேர்ந்து ஒரே இடத்தில் ஓர் எழுத்தாகிவிடும். கால், கொம்பு ஆகியவை தனியே ஒவ்வோர் இடம் எடுத்துக்கொள்ளும். ஜெர்மனியில் செய்யப்பட்டு 'பிஜோ' என்ற பெயரில் அந்தப் பொறிகள் வந்தன. 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்துக்குப் பிறகு அரசு அலுவலகங்களில் தமிழ்த் தட்டச்சுக்குத் தேவை பெருகியது. கோத்ரெஜ் நிறுவனம் 1955இல் தொடங்கிய இந்தியத் தட்டச்சுப் பொறி உற்பத்தியை 2009இல்தான் நிறுத்தியது. திண்டிவனம், விழுப்புரம் போன்ற ஊர்களில் மாடிப்படி ஏறிப் போகும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகள் எத்தனை பேரை இளநிலையும் முதுநிலையும் எழுதவைத்து வேலைக்கு அனுப்பின என்று அந்தப் பக்கத்துக் குடும்பங்களைக் கேட்டால் சொல்லும். தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் தட்டச்சுத் தேர்வுகள் 2020களிலும் அந்தப் பொறிகளில்தான் நடந்தன.

தட்டச்சுத் தமிழ் பார்க்க லட்சணமாக இருக்காது. காலைச் சுற்றி ஒரு பள்ளம் விழும். ரகரம் அநாதைபோல் நிற்கும். ணகரம் மூச்சு முட்டும். தடித்த எழுத்து என்று தனியே கிடையாது. அடித்ததன்மேலேயே திரும்ப அடிப்பதுதான் தடிப்பு. கார்பன் நகலின் நான்காவது தாளில் எல்லா எழுத்தும் தானாகவே தடித்துப் புகைமூட்டமாகிவிடும். இருந்தாலும் கிரயப் பத்திரத்தில் அதற்கு ஒரு மதிப்பு இருந்தது. வரிக்கு இத்தனை இடம் என்று அளந்து வைத்த தாளில், பின்னால் யாரும் ஓர் எழுத்தை நடுவில் செருக முடியாது. செருகினால் நெரிசல் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு புள்ளி விடுபட்டால் வாங்கியவர் பெயரே மாறிப்போகும் ஆவணத்தில், ஒவ்வோர் எழுத்தும் தன் இடத்தில் தனியே நிற்பது ஒரு பாதுகாப்பு. முத்தையாவின் பொறி எழுத்தை எழுத்தாக எண்ணியது என்பதுதான் நான் வலியுறுத்த விரும்புவது. விசிறி போட்ட ககரத்துக்கும் ஓர் இடம், விசிறி போடாத ககரத்துக்கும் ஓர் இடம்.

இந்த அடிப்படை அறிவு கணினிக்கு வந்தபோது காணாமல் போயிற்று. மயிலை, இணைமதி, முரசு அஞ்சல், திஸ்கி, தாம், தாப் என்று எழுத்துருவும் குறியேற்றமும் கலந்து அடிபட்ட காலத்தை நம்மில் பலர் நேரில் பார்த்திருக்கிறோம். ஒருவர் அனுப்பிய மடல் இன்னொருவருக்குக் கொக்கியும் வளையமுமாக வந்து சேர்ந்த காலம் அது. அந்தச் சண்டைகளில் எல்லாம் பேசப்பட்டது, எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதுதான். எழுத்துக்கு எவ்வளவு இடம் என்று கேட்டவர்கள் குறைவு. ஒருங்குறி வந்து முதல் கேள்வி ஒருவாறு தீர்ந்தது. இரண்டாவது கேள்வியை யாரோ ஒரு பட்டியல் தயாரித்தவர் போகிறபோக்கில் தீர்த்துவைத்துவிட்டார்.

நடந்தது இதுதான். ஒருங்குறி தன் குறிகளை வகைபிரித்து வைத்திருக்கிறது. முன்னால் உள்ள எழுத்தின்மேல் அமர்ந்து இடம் எடுக்காத குறி ஒரு வகை. எழுத்துக்குப் பக்கத்தில் இடம் எடுக்கும் குறி இன்னொரு வகை. தமிழில் புள்ளியும் ஈகாரக் குறியும் முதல் வகை. ஆகாரம், இகரம், உகரம், ஊகாரம், கொம்புகள் எல்லாம் இரண்டாம் வகை. முனையங்களுக்காக எழுதப்பட்ட பரவலான நிரல்கள் இந்த வகையை வைத்தே இடம் ஒதுக்கின: முதல் வகைக்குச் சுழியம், இரண்டாம் வகைக்கு ஒன்று. விளைவைப் பாருங்கள். 'கீ' என்பதற்கு ஒரு கட்டம். 'கி' என்பதற்கு இரண்டு. குறில் பெரியது, நெடில் சிறியது! தொல்காப்பியர் மாத்திரை கணக்கிட்டதற்கு நேர் எதிராக ஒரு கணினி இலக்கணம். 'கு' என்று ஒரே பின்னலாக எழுதும் எழுத்துக்கு இரண்டு கட்டம். அதில் ஒன்றில் எழுத்து, இன்னொன்றில் வெட்டவெளி. ஒகரக் குறியை ஒரே குறியீடாக உள்ளிட்டால் 'கொ'வுக்கு இரண்டு. அதையே கொம்பு, கால் என்று பிரித்து உள்ளிட்டால் மூன்று. இரண்டும் ஒன்றே என்று ஒருங்குறி சொல்கிறது, கண்ணுக்கும் ஒன்றுதான். கிளியனூருக்கு எட்டு வந்த கதை இப்போது விளங்கியிருக்கும்: புள்ளிக்கு மட்டும் விலக்கு, மீதி எட்டுக்கும் வரி.

இப்படிப்பட்ட கணக்குக்குள் எந்த எழுத்துரு வரைஞராலும் ஒரு தமிழ் முகத்தை வரைய முடியாது. தனி ககரத்துக்கு ஒரு கட்டம், விசிறி வந்தால் இரண்டு கட்டம் என்றால் ககரத்தையே இரண்டு அளவில் வரைய வேண்டும். யாரும் முயலவில்லை, நியாயம்தான். நிரல் எழுதுவோருக்கான புகழ்பெற்ற எழுத்துருக்கள் தமிழைத் தொடுவதில்லை. தமிழ் வரி வந்ததும் கணினி லதாவையோ நிர்மலாவையோ நோட்டோவையோ கூப்பிட்டு இடத்தை நிரப்புகிறது. பத்திகள் சரிகின்றன, அடிக்கும் இடம் ஒன்று, துடிக்கும் குறி நிற்கும் இடம் வேறொன்று. 'எழில்' போலத் தமிழிலேயே நிரல் எழுதும் மொழி ஒன்றை முத்து அண்ணாமலை உருவாக்கியிருக்கிறார். அதில் எழுதிய நிரலை அழகாக அடுக்கிப் பார்க்கப் பொருத்தமான எழுத்துரு இல்லை. அவருடைய முன்முயற்சியில் வளர்ந்த 'ஓப்பன் தமிழ்' நிரல்தொகுதி முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று, ஒரு சொல்லைக் குறியீடுகளாக எண்ணாமல் எழுத்துகளாகப் பிரித்துக் கொடுப்பது. குழந்தை விரல் மடக்குவதைக் கணினிக்குக் கற்றுக்கொடுக்கத் தனியாக ஒரு நிரல் வேண்டியிருக்கிறது.

தமிழ் எழுத்து கட்டத்துக்குள் அடங்காத எழுத்து, அதன் இயல்பே அப்படி என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இதைச் சொல்கிறவர்கள் சித்திரகவி என்ற ஒன்று நம்மிடம் இருந்ததை மறந்துவிடுகிறார்கள். தண்டியலங்காரத்தின் சொல்லணியியல் என்ன சொல்கிறது? சருப்பதோபத்திரம் என்றால் எட்டெழுத்து நான்கடியை அறுபத்துநான்கு அறைகளில் நிரப்பி, எந்தப் பக்கமிருந்து படித்தாலும் அதே பாட்டு வர வேண்டும். கோமூத்திரி, மாலைமாற்று, நாகபந்தம் எல்லாமே ஓர் அறைக்கு ஓர் எழுத்து என்ற ஒப்பந்தத்தில் நிற்பவை. சம்பந்தர் பேரிலேயே மாலைமாற்றுப் பதிகம் இருக்கிறது. (சித்திரகவியைக் கவிதை என்று நான் சொல்லவில்லை. அது கழைக்கூத்து. ஆனால் கழைக்கூத்தாடிக்குக் கயிற்றின் நீளம் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும்.) கட்டளைக் கலித்துறையில் நேரசையில் தொடங்கினால் அடிக்குப் பதினாறு, நிரையசையில் தொடங்கினால் பதினேழு என்று ஒற்று நீக்கி எண்ணினார்கள். புள்ளி எழுத்துக்கு இடமில்லை என்று முடிவெடுத்ததிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. எழுத்தை எண்ணுவதில் இவ்வளவு பிடிவாதம் காட்டிய இன்னொரு மரபை நான் அறியேன். நம் எழுத்து கட்டத்துக்குள் அடங்கும். கட்டத்தை யார் வரைவது என்பதுதான் வழக்கு.

சீனர்களும் ஜப்பானியர்களும் தங்கள் கட்டத்தைத் தாங்களே வரைந்துகொண்டார்கள். உரோமன் எழுத்துக்கு ஒரு கட்டம், தங்கள் எழுத்துக்கு இரண்டு கட்டம். அவ்வளவுதான். ஒருங்குறியும் முனையங்களும் அதை ஏற்றுக்கொண்டு பட்டியலில் எழுதிவைத்துவிட்டன. தமிழ் அந்தப் பட்டியலில் 'நடுநிலை' என்று கிடக்கிறது. அதாவது யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

என் யோசனை இது. எழுத்துரு வரைகிறவர்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டு மாற்று யோசனை சொன்னால் மகிழ்ச்சி. உயிரெழுத்துக்கும் மெய்யின் உடலுக்கும் இரண்டு கட்டம். புள்ளி, விசிறிகள், உகர ஊகாரங்கள் அந்த இரண்டு கட்டத்துக்குள்ளேயே அடங்கவேண்டும். தனி இடம் கேட்கக் கூடாது. காலுக்கு ஒரு கட்டம். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் ஒரு கட்டம். ஐகாரக் கொம்புக்கு இரண்டு. இப்படி வைத்தால் கா மூன்று, கோ நான்கு, கௌ ஐந்து. கிளியனூர் பத்து, ஐந்தெழுத்துக்கு ஐந்து இரட்டைக் கட்டம். குறுக்கெழுத்துப் பிரியர்கள், கோவுக்கும் கௌவுக்கும்கூட இரண்டே கட்டம்தான் வேண்டும் என்று கேட்பார்கள். கொள்கையளவில் அவர்கள் சொல்வது சரி. ஆனால் தடித்த எழுத்தில் 'ணௌ'வை ணகரத்தின் அகலத்துக்குள் அடைத்தால் படிக்கிறவர்கள் பாவம். முத்தையாவின் பொறியும் காலுக்குத் தனி இடம் கொடுத்தது. நான் அவர் பக்கம்.

1978இல் எம்.ஜி.ஆர். அரசு, பெரியார் 1935 முதல் குடிஅரசில் பயன்படுத்திவந்த சீர்திருத்த எழுத்தை ஏற்று ஆணையிட்டது இந்த இடத்தில் பெரிய உதவி. துதிக்கை வைத்த பழைய லை, ளை, ணை, னை வடிவங்களும், வளைந்து இறங்கிய ணா, றா, னா வடிவங்களும் இருந்திருந்தால் மேலே சொன்ன கணக்கு பாதியிலேயே உடைந்துபோகும். அந்த மாற்றத்தைப் பற்றி அழகியல் வருத்தம் உள்ளவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. எனக்கும் பழைய லையின்மேல் ஒரு கண் உண்டு. கட்டம் கட்டுகிறவனுக்கு அந்தச் சீர்திருத்தம் பாதி வேலையை முடித்துவைத்தது என்பதை மட்டும் சொல்லி நகர்கிறேன்.

இட ஒதுக்கீடு தீர்ந்தால்தான் வடிவத்தைப் பற்றிப் பேச முடியும். அங்கே ருசிகரமான வேலை நிறைய இருக்கிறது. ஆங்கில நிரல் எழுத்துருக்களை மதிப்பிடும்போது சுழியத்துக்கும் 'ஓ'வுக்கும் வேறுபாடு தெரிகிறதா, ஒன்றுக்கும் 'எல்'லுக்கும் வேறுபாடு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். சுழியத்துக்குள் ஒரு கோடோ புள்ளியோ போடுவது அதனால்தான். தமிழின் குழப்பப் பட்டியல் இதைவிட நீளம். காலும் ரகரமும் முதல் ஜோடி; ரகரத்தின் கீழ்ச்சாய்வு ஒன்றுதான் இரண்டையும் பிரிக்கிறது, தடித்த எழுத்தில் முதலில் மங்குவது அந்தச் சாய்வுதான். ஏட்டுச் சுவடியில் காலும் ரகரமும் ஒன்றாக இருந்ததாலும், புள்ளியும் கொம்பின் நெடில்சுழியும் இல்லாததாலும் பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டை இங்கே எல்லோரும் படித்திருப்போம். அடுத்தது ககரமும் தமிழ் எண் ஒன்றும், உகரமும் இரண்டும், எகரமும் ஏழும், அகரமும் எட்டும். அச்சில் இவை அச்சு அசலாக ஒன்று. எல்லாவற்றையும்விடப் பெரிய வம்பு ஔகாரம். 'ஔவை' என்பதில் ஓர் எழுத்தாக நிற்கும் ஔவும், ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து அடித்து உண்டாக்கிய 'ஒள'வும் திரையில் பிரித்தறிய முடியாதவை. இணையத்தில் ஒளவையார்கள் எத்தனை பேர் உலவுகிறார்கள் என்று தேடிப் பாருங்கள். ஔவையைத் தேடுகிறவருக்கு அவர்கள் கிடைக்கமாட்டார்கள்.

2010-11 ஆண்டுகளிலேயே .இலங்கை, .சிங்கப்பூர், .இந்தியா என்று இணைய முகவரிகள் தமிழில் வரத் தொடங்கிவிட்டன. ஒரே மாதிரித் தெரியும் இரண்டு பெயர்கள் இரண்டு வேறு இடங்களுக்கு இட்டுச் செல்லலாம் என்றால், பண விவகாரத்தில் அது விளையாட்டு அல்ல. ஒரு தடித்த சம அகல எழுத்துரு இந்த ஜோடிகளைத் துணிந்து பிரித்துக் காட்டவேண்டும். ஔகாரத்தின் பின்பகுதியை உயரம் குறைத்து வரையலாம். ரகரத்தின் சாய்வைக் கோட்டுக்குக் கீழே தெளிவாக இறக்கலாம். தமிழ் எண்களுக்கு அடியில் ஒரு சிறு கட்டை கொடுக்கலாம். நாவல் அச்சிடும் எழுத்துருவில் இப்படிச் செய்தால் வாசகர் முகம் சுளிப்பார். இங்கே செய்யாவிட்டால்தான் குற்றம்.

ஆட்சேபங்கள் வரும் என்று தெரியும். எண்களை நேராக அடுக்க வேண்டுமானால் அதற்குச் சம அகல எழுத்துரு தேவையில்லை, நல்ல எழுத்துருக்களில் எண்கள் மட்டும் சம அகலத்தில் இருக்கும் என்பார்கள். உண்மை. மளிகைக் கணக்குக்கு அது போதும். அட்டவணை போட்டால் கணினியே நெடுவரிசைகளை நிறுத்திவைக்கும் என்பார்கள். அதுவும் உண்மை, அலுவலகக் கடிதத்துக்கு அது போதும். சில புதிய முனையச் செயலிகள் குறியீட்டை விட்டு முழு எழுத்தை எண்ணத் தொடங்கியிருக்கின்றன, காலம் தானாகச் சரிசெய்துவிடும் என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்கள் எழுத்தை எண்ணத் தொடங்கியிருப்பது நல்ல செய்தி. எண்ணியபின் எத்தனை கட்டம் கொடுப்பது என்பதை நாம் சொல்லாவிட்டால் மறுபடியும் வேறு யாரோ சொல்வார்கள். பேருந்து நெற்றியில் ஓடும் எல்.இ.டி. பலகையில் விசிறி ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலுமாக ஊர்ப்பெயர்கள் சிதறி ஓடுவதைப் பார்க்கிறோம். அங்கே யாரோ சொன்ன விடைதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

இனி, இலக்கிய வாசகர்கள் ஏன் ஒதுங்கக் கூடாது என்ற இடத்துக்கு வருகிறேன்.

கிளியனூரிலிருந்து அதே சாலையில் மேலே போனால் புதுச்சேரி. அங்குள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாகப் பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவை வெளியிட்டது. தாமஸ் லேமானும் தாமஸ் மால்ட்டனும் சேர்ந்து கணினி வழியே உருவாக்கிய சங்க இலக்கியச் சொல்லடைவு 1990களின் தொடக்கத்தில் வந்தது. ஏவா வில்டன் சுவடிகளை ஒப்பிட்டு 2008இல் நற்றிணையையும் 2010இல் குறுந்தொகையையும் ஆய்வுப் பதிப்பாகக் கொண்டுவந்தார். இந்த வகை வேலையின் உயிர், ஒன்றன்கீழ் ஒன்றாக வரிகளை நிறுத்திப் பார்ப்பதில் இருக்கிறது. ஒரு சொல்லை நடுவில் நிறுத்தி, அது வரும் எல்லா அடிகளையும் மேலும் கீழுமாக அடுக்கினால், முன்னும் பின்னும் எந்தச் சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று கண் பிடித்துக்கொள்ளும். நான்கு சுவடிகளின் பாடத்தை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால், எந்த எழுத்தில் பேதம் தொடங்குகிறது என்று பளிச்சென்று தெரியும். பேதமான எழுத்தைத் தடித்துக் காட்டினாலும் வரிசை கலையாது என்றால் இன்னும் நல்லது; தடித்த வடிவம் அகலம் மாறாமல் இருக்க வேண்டும் என்று முன்னால் சொன்னதன் பயன் இது.

இதை இன்று உரோமன் எழுத்தில் செய்யலாம். தமிழில் செய்ய முடியாது. தமிழ்ப் பேரகராதி முறையில் தலைக்கோடும் கீழ்ப்புள்ளியும் இட்டு உரோமனில் எழுதிய சங்கப் பாடலைக் கணினியின் எந்தச் சம அகல எழுத்துருவிலும் சீர்சீராக அடுக்கிவிடலாம். தமிழ் வரியை அடுக்கினால் மூன்றாவது சீரில் கலைந்துவிடும். ஆய்வாளர்கள் தமிழ்ப் பாடத்தை உரோமனாக்கி வைத்துக்கொண்டு வேலை செய்வதற்கு வேறு காரணங்களும் உண்டு, மறுக்கவில்லை. இதுவும் ஒன்று என்பது என் எண்ணம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் எத்தனை நூல்களைத் தட்டச்சிட்டு வைத்திருக்கிறது! அந்தக் கோப்புகளை எடுத்து, ஓர் ஆர்வலர் தன் வீட்டுக் கணினியில் புறநானூற்றின் அடிகளை அசை பிரித்து அடுக்கிப் பார்க்க ஆசைப்பட்டால், அவர் முதலில் தமிழை விட்டு வெளியே போக வேண்டியிருக்கிறது. உ.வே.சா. ஏட்டில் ரகரமா காலா என்று விழித்துக்கொண்டிருந்ததற்கு ஓலையைக் குறை சொல்லலாம். நமக்கு அந்தச் சாக்கு இல்லை.

செய்வதற்கு ஆளும் இருக்கிறார்கள். ஏக் டைப் குழுவினர் 2022இல் வெளியிட்ட அனேக் தமிழ், ஒடுங்கிய அகலம் முதல் விரிந்த அகலம் வரை, மெலிவு முதல் தடிப்பு வரை ஒரே எழுத்துருவுக்குள் நெகிழ்கிறது. கட்டற்ற உரிமத்தில் கிடைக்கிறது. ணகரத்தை எவ்வளவு சுருக்கினால் எவ்வளவு தடிப்பு தாங்கும் என்ற அனுபவம் அவர்கள் கையில் இருக்கிறது. புள்ளிகளால் ஆன குனு யூனிஃபாண்ட், ஒற்றைக் கட்டம், இரட்டைக் கட்டம் என்ற இரண்டே அகலங்களில் உலக மொழிகளை எல்லாம் அடைத்துக் காட்டியிருக்கிறது. தமிழும் அதில் உண்டு. அழகை விடுங்கள், வழி இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. எழுத்துருவோடு, அகலப் பட்டியலைத் திருத்தக் கோரும் ஒரு முன்மொழிவும் ஒருங்குறி அமைப்புக்குப் போக வேண்டும். ஒன்றில்லாமல் மற்றது பயன்படாது. தமிழ் இணையக் கல்விக்கழகம் போன்ற ஓர் அமைப்பு இரண்டையும் சேர்த்து எடுத்துச் செய்யலாம். வணிக நிறுவனங்களுக்காகக் காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இதில் விற்பதற்கு ஒன்றுமில்லை.

யாராவது வரையத் தொடங்கினால், முதல் மாதிரியை உயர்தர அச்சுப்பொறியில் எடுத்துப் பார்த்து மயங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 58 மில்லிமீட்டர் ரசீதுத் தாளில், தடித்த வடிவத்தில், வரிக்குப் பதினாறு இரட்டைக் கட்டம் என்று வைத்து அடித்துப் பார்க்கட்டும். சோதனைக்கு நான்கு சொற்கள் போதும்: கிளியனூர், எண்ணெய், ஔவை, ஒளவை. அந்தத் தாளை ஒரு வாரம் சட்டைப் பையில் வைத்திருந்து, பின்பு எடுத்து, கண்ணாடி போடும் வயதில் உள்ள ஒருவரிடம் படிக்கக் கொடுக்க வேண்டும்.